தங்கராசு தோளில் போட்ட கூறைச் சேலை

கல்லங்குறிச்சிப் பெருமாளை நம்பிக் கும்பிடுகிற எல்லோருக்கும் அரியலூர் ஜவுளிக்கடைக் கோவிந்தசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. எனக்குப் பிரசங்கம் செய்ய வராது. பாயில் உட்கார்ந்து சேலையை விரித்துப் போட்டுப் பேசத்தான் வரும். அதே மாதிரி இதையும் விரித்துப் போடுகிறேன். மடிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகச் சண்டை ஓய்ந்த மறு வருஷம், தை மாதம். என்னோடு வேலை பார்த்த தங்கராசுவைக் கடையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தூக்கிலிருந்து மோர் குடித்து, பல வருஷம் வியாபாரம் பார்த்தவர்கள் நாங்கள். நான் முன்கோபக்காரன். அலமாரி முழுவதையும் இறக்கச் சொல்லிவிட்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று யாராவது எழுந்து போனால் எனக்குக் காது சிவந்துவிடும். அப்போது தங்கராசு யாருக்கும் தெரியாமல் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவான். "சிரிடா கோயிந்து. இன்னைக்குச் சிரிச்சா நாளைக்கு வருவாங்க" என்பான். அவன் கிள்ளிக் கிள்ளித்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். என் தொடையைக் கேட்டால் சொல்லும்.

முந்தின ஆடியில் அவன் சம்சாரம் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே பெண் குழந்தை, பாப்பாத்தி என்று பெயர். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு. அவன் அக்கா வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டார். தங்கராசு காரியம் முடிந்து கடைக்குத் திரும்பி வந்தபோது, அழவுமில்லை, புலம்பவுமில்லை. முன்பைவிட அதிகமாகச் சிரித்து வியாபாரம் பார்த்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முந்தியும் கரையும் எடுப்பாகத் தெரிவதற்காக, விற்கிறவனே சேலையைத் தன் தோளில் போட்டுக் காட்டுவான். சாதாரணச் சேலையை யார் போட்டாலும் சரி. தாலி கட்டும்போது பெண் உடுத்துகிற கூறைச் சேலையை மட்டும், மனைவி நல்லபடியாக இருக்கிறவன்தான் தோளில் போடலாம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் அப்படித்தான். தங்கராசு நல்ல உயரம். அதனால் கூறை என்றாலே எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆடிக்குப் பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. நானோ குட்டை. நான் போட்டால் முந்தி தரையைப் பெருக்கும்.

அந்தப் புதன்கிழமை நான் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து பெரியநாயகி அம்மாள் வண்டி வந்து நின்றது. நிலபுலம் உள்ள பெரிய குடும்பம். அவருடைய தம்பி மகனுக்குக் கல்யாணம். அந்த அம்மாள் வருகிறார் என்றாலே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். சேலையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கரையைக் கசக்கிப் பார்ப்பார். இன்றைக்கு எடுத்ததை நாளைக்குத் திருப்பி அனுப்புவார். அவரைச் சமாளிக்கக் கடையிலேயே தங்கராசு ஒருவனால்தான் முடியும்.

அரக்கு நிறத்தில் கூறை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நூல் தட்டுப்பாட்டில் அலமாரி பாதி காலியாகக் கிடந்த காலம். அரக்கில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தங்கராசு அதை எடுத்து விரித்தான். அத்தனை வருஷக் கைப்பழக்கம், அவன் நினைப்பதற்குள் கை அதைத் தோளில் போட்டுவிட்டது. அம்மாளுக்குச் சேலை பிடித்துப்போயிற்று. அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை, அன்றைக்குச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் அவனிடம் பிரியமாகவே கேட்டார்.

"நல்லாக் காட்டுற தம்பி. வூட்ல பொஞ்சாதி சௌக்கியமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவன், "போன ஆடியில தவறிட்டாங்கம்மா" என்றான்.

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் கடை அதிர்ந்தது. "கூறையை எடுத்துத் தோள்ல போட்டுட்டு நிக்கிறானே! எங்க வூட்டுப் புள்ளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது? இவன் இந்தக் கடையில இருக்கிற வரைக்கும் எங்க ஊரு வண்டி ஒண்ணும் இங்க நிக்காது, பாத்துக்கங்க!" என்று முதலாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் மோரை எடுத்துக்கொண்டு வண்டி வரைக்கும் ஓடினேன். அம்மாள் வாங்கிக் குடிக்கவில்லை. தங்கராசு அந்தச் சேலையைத் தோளிலிருந்து எடுக்கக்கூடப் பயந்து அப்படியே நின்றான். நான்தான் எடுத்து மடித்தேன்.

முதலாளி கெட்டவரில்லை. பயந்தவர். அந்த அம்மாள் சொன்னால் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். தங்கராசுவைத் தனியாகக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை நீ அவங்க கண்ணுல படாதப்பா. ரயிலு டேசனுக்குப் போய் பார்சலப் பாரு. தை முடியட்டும், அப்புறம் வேற எங்கயாவது இடம் பாத்துக்க" என்றார்.

சாயந்திரம் கடை எடுத்து வைக்கும்போது, குழந்தைக்குப் பாவாடை தைக்க அவன் வாங்கி வைத்திருந்த துணியை என்னிடம் நீட்டினான்.

"இத நீயே கொண்டுபோய் அக்காகிட்ட குடுத்துடு கோயிந்து. என் கையால வேணாம்."

"ஏண்டா, கிறுக்கா ஒனக்கு?"

"நாளைக்கு எம் பொண்ணுக்கும் கூறை எடுக்கணும்ல. அவளத் தூக்கிட்டுத் திரியிறது இந்தத் தோளுதான். இது ஆவாத தோளுன்னா, அவளுக்கும் ஆவாதா? சொல்லு."

துணியை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். வேலை போவதை அவன் தாங்கிக்கொள்வான், கெட்டிக்காரன். ஆனால் பெற்ற பிள்ளையைத் தொடவே பயப்பட ஆரம்பித்துவிட்டானே! அதற்கு நான் யாரிடம் போய் இடம் பார்ப்பேன்? அந்தக் கேள்வியை என் வீட்டிலும் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது பெரிதாகிவிடும் போலிருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் கல்லங்குறிச்சிக்கு நடந்தேன். உழவு பார்க்கிற சம்சாரிகள் புது நெல்லோடு வந்திருந்தார்கள். நான் வெறுங்கையோடு போயிருந்தேன். கற்கம்பமாகவே நிற்கிற நம் பெருமாள் முன்னால் போய் நின்றேன். என்ன கேட்பதென்றே தெரியவில்லை. பெரியநாயகி அம்மாள் மனசை மாற்று என்று கேட்கலாமென்றால், அவர் ரவிக்கைத் துணியில்கூட மனசு மாறினவரில்லை. முதலாளிக்குத் தைரியம் கொடு என்று கேட்கலாமென்றால், அவர் தன் வீட்டு நாய்க்கே பயப்படுகிறவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெருமாளிடம் கோபித்துக்கொள்ளலாமா என்றால், வேறு யாரிடம் கோபித்துக்கொள்வது? கடைசியில் தங்கராசு என்னிடம் கேட்டதை அப்படியே, அவன் சொன்ன மாதிரியே, அவரிடம் கேட்டேன். "இது ஆவாத தோளுன்னா, அவளுக்கும் ஆவாதா? எனக்குப் பதில் தெரியல சாமி. நீதான் சொல்லணும்." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, கடை திறக்க ஓடி வந்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மாள் வந்தார். கூடவே கல்யாணப் பெண்ணின் அப்பாவும் வந்தார். மாப்பிள்ளைக்கு வேட்டி எடுப்பது பெண் வீட்டு முறை, அதற்காக வந்திருந்தார். வாலிகண்டபுரம் பக்கம், புன்செய்ச் சம்சாரி. மெல்லிய குரல். புதன்கிழமை நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

நான் வேறு கூறைகளை விரித்தேன். தங்கராசு இல்லாத குறைக்கு, என் தொடையை நானே கிள்ளிக்கொண்டு சிரித்தேன். அம்மாளுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஒன்று வெளுப்பு, ஒன்று அழுத்தம், ஒன்றில் கரை சின்னது. பெண்ணின் அப்பா அலமாரியைப் பார்த்துவிட்டு, "அந்த அரக்கு லெச்சணமா இருக்கே, அத ஏன் காட்டல?" என்றார். முதலாளி விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார்.

என்றைக்கும் நேரத்துக்கு வராத பார்சல் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்து தொலைத்தது. தங்கராசு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வாசற்படி ஏறினான். அம்மாளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான். எனக்கு உயிர் போய்விட்டது. 'பெருமாளே, பதில் கேட்டேன், இப்படியா செய்வாய்?' என்று மனசுக்குள் கத்தினேன்.

"இவன இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்று அம்மாள் எழுந்துவிட்டார்.

பெண்ணின் அப்பா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று முதலாளி கண்ணைக் காட்டினார். நான் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. உள்ளதைச் சொன்னேன். "அந்த அரக்குக் கூறைய இவன் தோள்ல போட்டுக் காட்டினான்யா. இவன் சம்சாரம் போன ஆடியில தவறிப்போச்சு. அதனால அது ஆவாதுன்னு அம்மா நெனைக்கிறாங்க."

பெண்ணின் அப்பா தங்கராசுவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "அத எடு தம்பி" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதைப் பிரித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, எம் பொண்ணு கைக்குழந்தையா இருக்கறப்பவே அவ ஆத்தா போயிட்டா. தார வாத்துக் குடுக்க எந் தம்பியும் அவன் சம்சாரமுந்தான் மணையில ஒக்காரப் போறாங்க. அது ஊரு மொற, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவளத் தூக்கி வளத்தது இந்தத் தோளுதான். இது ஆவாத தோளுன்னா, எம் பொண்ணு எப்படி உங்களுக்கு ஆவுறா?"

தங்கராசு மூட்டையை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அடியார்களே, அவன் என்னிடம் கேட்டது இதுதான். நான் பெருமாளிடம் கேட்டதும் இதுதான். நடுவில் ஒரு ஆளுக்கும் இது தெரியாது. வாலிகண்டபுரத்துச் சம்சாரி, எங்கள் கடைக்கே முதல் தடவையாக வருகிறவர், அவர் வாயிலிருந்து வருகிறது.

பெரியநாயகி அம்மாள் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் மெதுவாகத் திரும்பப் பாயில் உட்கார்ந்தார். தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"எம் மவளுக்குக் கூறை எடுத்தப்ப நான் ஒண்ணுமே பாக்கலண்ணே. கண்ணுல பட்டத எடுத்தேன். ஒரு வருசத்துல வெறுங்கழுத்தா வந்து நிக்கிறா. அந்தப் பயந்தாண்ணே. வேற ஒண்ணுமில்ல."

அத்தனை வருஷமாக அவர் சேலையை வெயிலில் பிடித்துப் பார்த்ததும், கசக்கிப் பார்த்ததும், திருப்பி அனுப்பியதும் எதற்காக என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அவரைப் பின்கட்டில் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! போய் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். இந்தத் தடவை குடித்தார். குடித்துவிட்டு, படிப்பக்கம் பார்த்து, "இங்க வா தம்பி. இதயே பொட்டணம் கட்டு. நீயே கட்டு" என்றார்.

தங்கராசு கட்டினான். முதலாளி வேலையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குடும்பத்தின் கல்யாண ஜவுளி முழுவதும் எங்கள் கடையில்தான் எடுத்தார்கள். அன்று சாயந்திரம் நான் தங்கராசு வீட்டுக்குப் போனேன். பாவாடைத் துணி அக்காவிடம் சும்மாதான் கிடந்தது. அவன் அதை வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, தையல்காரரிடம் புறப்பட்டான். தெருவில் போகிற அவர்களைப் பார்த்து நான் அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு தை போய்விட்டது. கல்யாணமான பிள்ளைகள் சௌக்கியமாக இருக்கிறார்கள். இப்போது சண்டைக்காரர் யார் கடைக்கு வந்தாலும் எனக்குக் காது சிவப்பதில்லை. இவருக்கு என்ன பயமோ என்றுதான் முதலில் நினைக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முகம் சுளித்தால் தொடையில் கிள்ளுகிறேன்.

போன மாதம் பெரியநாயகி அம்மாள் வண்டி வந்து நின்றது. கூட ஒரு பெண் இறங்கினாள். வெள்ளைச் சேலை, தலை குனிந்த முகம். அவருடைய மகள். எங்கள் கடைப் படியை அவள் மிதிப்பது அதுதான் முதல் தடவை. அம்மாள் என்னைத் தாண்டிப் போய்த் தங்கராசு முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, எம் மவளுக்கு ஒரு சீலை எடுத்துக் காட்டு. வெள்ளை வேணாம். நெறமா எடு."

தங்கராசு அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றான். வெகுநேரம் தேடினான். அவன் தேடவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நான் அம்மாளுக்கு மோர் ஊற்றினேன்.

என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் போய்ப் பெருமாள் முன்னால் நில்லுங்கள். மனசில் கிடப்பதை அப்படியே கொட்டிவிடுங்கள். கோபமிருந்தால் கோபத்தோடு கொட்டுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நிச்சயம் பதில் வரும். யார் வாயால் வரும் என்பது மட்டும் நமக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் உங்கள் வாசலில் யார் வந்து சத்தம் போட்டாலும், முதலில் உட்காரச் சொல்லுங்கள்.