ஜீப்புக்கு இரண்டு கைப்பிறேக்

வண்டியை ஓட வைக்கிறவனுக்குப் பேர் கிடைக்கும். நிற்க வைக்கிறவனை ஒருவரும் நினைப்பதில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டுச் சோறு தின்றவர்களே, உங்களுக்கு இது தெரியாததல்ல. அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் வண்டி திருத்தும் ஒரு சின்னக் கராச் வைத்திருந்தேன். காடு வெட்டி வயல் செய்ய வந்தவர்களின் ஜீப்புகளும் டிராக்டர்களும்தான் எனக்குப் படியளந்தன. கைப்பிறேக் ஒழுங்காக இருந்த வண்டியை நான் கண்டது அருமை.

குடை தொங்கிய லீவர்

முல்லைத்தீவிலிருந்து கருவாடு ஏற்றிவரும் காதர் காக்காவின் ஜீப், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர் விற்றுவிட்டுப் போன பழசு. கிளச் பார்க்க ஏறினால், கைப்பிறேக் லீவரில் குடை தொங்குகிறது. இழுத்துப் பார்த்தேன், பேச்சு மூச்சில்லை. கீழே குனிந்து பார்த்தால் வயரையே காணோம்.

எங்கள் பக்கத்தில் அப்போது அதுதான் வழக்கம். சேறு காய்ந்து பிறேக் சக்கரச் சில்லைக் கவ்விக்கொள்கிறது என்று வயரைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சரிவில் நிறுத்துவதென்றால், றைவர் கால் பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்க, பின்னால் இருப்பவர் குதித்துச் சில்லுக்கு முதிரைக் கட்டை கொடுப்பார். இது ஆபத்து என்று நான் சொன்னதற்குக் காக்கா சிரித்தார்.

"பிறேக் என்னத்துக்குத் தம்பி? கட்டை போட ஆள் இருக்குத்தானே!"

அக்கராயன் குளக்கட்டு

கந்தையா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயன் குடியேற்றத்தில் வயல் செய்தவர். மனைவி செல்லம்மாவோடு, செல்லம்மாவின் தம்பி ராசனும் கூட வந்திருந்தான். தாய் தகப்பன் இல்லாத அவனைச் செல்லம்மாதான் வளர்த்தார்.

ஒரு மாரிகாலத்தில், வயலுக்கான பசளை மூட்டையோடு குளக்கட்டின் சரிவில் ஜீப்பை நிறுத்தியிருக்கிறார் கந்தையா. ராசன் குதித்துக் கட்டை கொடுத்தான். கொடுத்தாயிற்று என்று கந்தையா காலை எடுத்தார். ஈரக் களிமண்ணில் கட்டை வழுக்க, ஜீப் பின்னால் உருண்டது. குனிந்தவன் நிமிரவேயில்லை. கைப்பிறேக் வயரை முந்தின போகத்தில் கழற்றி எறிந்தவர் கந்தையாதான்.

செத்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன். செல்லம்மா அழவில்லை; புருஷன் இருந்த பக்கம் திரும்பவுமில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் கந்தையா ஜீப்பைக் கராச்சுக்குக் கொண்டுவந்தார். எந்த மாதிரிக் கைப்பிறேக் வேண்டும் என்று கேட்டேன்.

"எதெண்டாலும் பூட்டுங்கோ அண்ணை. வீட்டிலை அவா என்னோடை ஒரு சொல்லுக் கதைச்சாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

இரண்டில் எது

கைப்பிறேக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கியர் பொக்ஸுக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிப்பது. உயரத்தில் இருப்பதால் சேறு அவ்வளவாக எட்டாது, பிடியும் பலம். ஆனால் பின்சில்லு ஒன்று நிலத்தை விட்டுக் கிளம்பினாலோ வழுக்கினாலோ, அது ஒரு பக்கம் சுற்ற மற்றது மறுபக்கம் சுற்றி, வண்டி போயே போய்விடும். மற்ற வகை, பின்சில்லு இரண்டையும் வயரால் தனித்தனியே பிடிப்பது. ஒன்று வழுக்கினாலும் மற்றது நிற்கும். ஆனால் வயலில் இறக்கினால் சேறு புகுந்துவிடும். அடிக்கடி கழற்றிக் கழுவாவிட்டால் இருந்தும் இல்லாததுதான்.

இதையெல்லாம் விளக்கினேன். கந்தையா கேட்டாரோ என்னவோ, இரண்டையும் பூட்டச் சொல்லிவிட்டார். பூட்டினோம். பிறகு மனிதர் வீட்டுக்குப் போகிற பாடில்லை. இழுக்கிறார், விடுகிறார், இறங்கி ஜீப்பைத் தள்ளிப் பார்க்கிறார், திரும்ப ஏறி இழுக்கிறார். என்னோடு வேலை செய்த சூசை பொறுத்துப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னான்.

"அண்ணை, லீவர் கையோடை வரப்போகுது. நீங்களும் கூடப் போய் அந்த மனுசிக்கு ஒருக்காக் காட்டிப்போட்டு வாங்கோ."

இரண்டும் இழுத்த பிறகு

அதே குளக்கட்டு. நான் கெஞ்சிக் கேட்டதால் செல்லம்மா வந்து ஓரமாக நின்றார். கந்தையா ஜீப்பைச் சரிவில் நிறுத்தி, இரண்டு லீவரையும் இழுத்து, காலை மெல்ல எடுத்தார். ஜீப் அசையவில்லை. நான் செல்லம்மாவைப் பார்த்தேன். அவர் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. மனிதன் இதைவிட வேறென்ன செய்வான்?

அப்போதுதான் கந்தையா, வழக்கம்போலப் பின்பக்கம் தலையைத் திருப்பிக் குரல் கொடுத்தார்: "ராசன், கட்டையைப் போடடா!"

பின்னால் வெறும் சாக்குகள்தான் கிடந்தன. தான் சொன்னது தன் காதில் விழுந்ததும், மனிதர் ஸ்டேரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. செத்த வீட்டில் அழாத செல்லம்மா அழுதுகொண்டே சரிவில் ஏறி வந்து, சாக்குக்குக் கீழே கிடந்த கட்டையை இழுத்து எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, அவன் இல்லை. நீங்கள் இருங்கோ, நான் போடுறன்."

எந்தக் கைப்பிறேக் நல்லது என்று இப்போதும் என்னைத் தேடிவந்து கேட்கிறார்கள். வண்டி நிற்பதற்கு மட்டும் என்றால் எனக்குப் பதில் தெரியும்.