அடுக்காத மரக்கட்டைகள்

டாக்டரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நர்ஸ் படிப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த ஒரு பாடம் மட்டும் எனக்கு ஏறவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். பிறந்ததிலிருந்து கிடைக்கும் சாப்பாடும் வளர்ப்பும் பிள்ளைகளின் புத்தியை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய, சிவகாசிப் பக்கம் ஒரு குழு வந்தது. என்னையும் கூட அனுப்பினார்கள். பிள்ளைகளை எடை போடுவதும் டாக்டர் சொல்வதை எழுதுவதும் என் வேலை.

தாயில்பட்டியில் ஒரு வீடு. மூன்று வயதுப் பெண்பிள்ளை, பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அதன் அப்பத்தா அதை மந்தம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாய்க்காரி என்னை ஓரமாக இழுத்தாள். "நர்ஸம்மா, டாக்டரும் அப்படிச் சொல்லிட்டா இவளைப் பள்ளிக்கூடத்துக்கே விடமாட்டாக. கொஞ்சம் பாத்துக்கோங்க."

டாக்டர் சின்ன மரக்கட்டைகளைக் கொட்டினார். "ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கு" என்று அடுக்கியும் காட்டினார். பிள்ளை அவர் அடுக்கியதை அவசரமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இடைவெளி விட்டுத் தரையில் பரப்பியது. மறுபடி சொன்னார். மறுபடியும் பரப்பியது.

"புரியல. மந்தம்னு எழுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அது தீப்பெட்டி ஒட்டும் வீடு, வாசல் முழுக்கப் பெட்டி காய்கிறது. நானும் விஸ்வநத்தத்தில் பெட்டி ஒட்டி வளர்ந்தவள்தான். பசை காயாமல் அடுக்கினால் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் காகிதம் கிழியும். எங்கள் பக்கம் பிள்ளை தவழும்போதே கையில் ஒரு தட்டுத் தட்டி காயாததை அடுக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் பழக்குவார்கள்.

பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தேன். கட்டையைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருச்சு தாயி, அடுக்கு" என்றேன். மடமடவென்று அடுக்கி முடித்தது.

"நீ உதவி பண்ணிட்ட. இது செல்லாது. நான் சொன்னதை எழுது."

"என் கையால எழுத மாட்டேன் சார்."

முகம் சிவக்கக் காகிதத்தை வாங்கி அவரே எழுதினார்.

"என்ன எழுதுறாக?" என்று தாய்க்காரி என்னைக் கேட்டாள். அப்பத்தா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தே, தெருவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "பிள்ளை கெட்டிக்காரின்னு எழுதுறாக. பள்ளிக்கூடத்துக்குக் கட்டாயம் அனுப்பணுமாம்."

டாக்டர் வாயைத் திறந்தார். நான் அவரையே பார்த்தபடி நின்றேன். மூடிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறியதும், "வாய் கூசாமப் பொய் சொல்றியே" என்றார். "நீங்க எழுதினது மட்டும் நெசமா?" என்றேன்.

மறுநாள் ஜீப் என்னை ஏற்றாமலே போனது. வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். அன்றைக்கும் அது தீப்பெட்டி ஒட்டும் வீடுகளுக்குத்தான் போனது. அங்கே எத்தனை பிள்ளைகள் கட்டைகளைப் பரப்பி வைத்தனவோ, "காஞ்சிருச்சு" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.