ஜோடி சேர்ந்த ஒற்றைகள்

ரோமானியப் பேரரசர் ஒருவர் காலத்தில் எத்தனை வெள்ளிக்காசு அடித்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலை. அருங்காட்சியகத்தின் பின்கட்டில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில், இருபத்திரண்டு வருடம். "செத்துப்போன ராஜாவோட சில்லறை உங்களுக்கு எதுக்கு அத்தான்?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். உட்காரவைத்து விளக்குவார். அதற்கு அவர் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

காசு அடிக்கும் அச்சைக் கையால் செதுக்கினார்களாம். அதனால் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அச்சுகள் போய்விட்டன, காசுகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் படங்களை ஒப்பிட்டால் எவையெல்லாம் ஒரே அச்சில் அடித்தவை என்று தெரியும். ஓர் அச்சுக்கு ஒரே காசுதான் கிடைத்தது என்றால் அது ஒற்றை. ஒற்றைகள் நிறைய இருந்தால், கண்ணில் படாத அச்சுகளும் நிறைய. ஒற்றைகள் குறைந்தால், அநேகமாக எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. அச்சுக்கு இத்தனை ஆயிரம் காசு என்று பெருக்கிச் சொல்லிவிடலாம். அந்த இத்தனை ஆயிரம் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்பதை மட்டும் மெதுவாகச் சொல்வார்.

ஏல விற்பனைப் புத்தகங்களிலிருந்து படங்களை வெட்டி அட்டையில் ஒட்டித் தருவது அக்கா. ஒரே காசு சில வருடம் கழித்து வேறு புத்தகத்தில் மறுபடி விற்பனைக்கு வரும். அதை இரண்டாவது காசென்று எண்ணிவிடாமல், விளிம்பைப் பார்த்துக் கண்டுபிடித்து விலக்குவதும் அவள் பொறுப்பு. அத்தான் வீட்டுக்குத் தூங்க வருவார். ஞாயிற்றுக்கிழமைகூட அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

"இதெல்லாம் எப்பத்தான் முடியும்?" என்று ஒருநாள் என் முன்னாலேயே கேட்டாள்.

"ஒத்தையெல்லாம் ஜோடி சேரட்டும். அப்புறம் நான் உன்கூடவேதான்."

அக்கா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஆறு வருடத்தில் ஒற்றைகள் மளமளவென்று குறைந்தன. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. காசின் முன்பக்க அச்சுகளில் ஒற்றையே இல்லை என்றாகிவிட்டது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பின்பக்கம் பாக்கி இருக்கே" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போன மழைக்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள். நான்கு நாள் காய்ச்சல். கடைசி நாள் மதியம்வரை அவர் பின்கட்டில் இருந்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அத்தான் தன் கணக்கையெல்லாம் எழுதிய புத்தகம் அச்சகத்துக்குப் போகும் வாரத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் நாற்பத்தொரு ஜோடி அட்டைகள். பக்கத்தில் பழைய ஏலப் புத்தகங்கள், அக்காவின் கத்தரி படாத, அருங்காட்சியகத்தின் சொந்தப் பிரதிகள்.

"புத்தகத்துல இந்தக் காசோட விளிம்புல ஒரு வெட்டு இருக்கு, பாரு. உங்கக்கா ஒட்டின படத்துல இல்லை."

"கவனிக்காம விட்டிருப்பா."

"கவனிக்காம இல்ல மச்சான். கத்தரியால ஓரத்தை நறுக்கி அந்த வெட்டு தெரியாம பண்ணியிருக்கா. ஏற்கெனவே இருந்த காசைத்தான் ரெண்டாவதுன்னு வெச்சிருக்கா. நாப்பத்தொண்ணும் இப்படித்தான்."

"எதுக்கு?" என்று கேட்டபிறகுதான் எனக்கே உறைத்தது.

அவர் அச்சகத்துக்குப் போன் செய்தார். எண்ணிக்கை தப்பு, புத்தகம் வேண்டாம், தப்பு முழுக்க என்னுடையது என்றார். பிறகு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும், அக்கா கையெழுத்தில் இருந்த அந்த இரண்டாவது அட்டையை எடுத்துத் தனியே வைத்தார். நாற்பத்தொன்றும் மறுபடி ஒற்றையாயின.

நன்றாகத் திட்டிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எல்லாத்தையும் ஜோடி சேத்து வெச்சா மச்சான். நான்தான் வீட்டுக்கு வரலை."