எலிஃப் விழாத ஐந்து நாட்கள்

துப்புரவு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: ஒரு கட்டடத்துக்குள் நடக்கிற எதுவும் முதலில் தரைக்குத் தெரியும், அடுத்ததாக அதைத் துடைக்கிறவருக்கு. நான் பதினொரு வருடமாக லண்டனில், பார்க்கிங் என்ற ஊர்ப்பக்கம் ஒரு விளையாட்டு மண்டபத்தைத் துடைக்கிறேன். அதற்கு முன் ஜேர்மனியில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையைத் துடைத்தேன். சென்ற ஆவணியில் துருக்கியிலிருந்து ஒரு பெண்கள் கரப்பந்துக் கழகம் ஒரு கிழமைப் பயிற்சிக்காக எங்கள் மண்டபத்துக்கு வந்தது. அவர்கள் வெல்லாத கோப்பை குறைவு என்று என் மனுசன் சொன்னார். சனிக்கிழமை லண்டன் அணி ஒன்றுடன் சிநேகபூர்வ ஆட்டம். அந்த ஆறு நாட்களைப் பற்றி, என்னைப்போல விடியற்காலை பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

விருந்தாளிக்கு மரியாதை

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மண்டபம் தமிழர்களுக்கு வாடகைக்குப் போகும். அரங்கேற்றம், சாமத்தியவீடு, சில வேளை அறுபதாம் கலியாணம். அதற்கு முதல்நாள் தரைக்கு ஒரு பொலிஷ் அடிப்பேன். பட்டுச்சேலை நிறமெல்லாம் தரையில் தெரியும். விளையாட வருகிற பிள்ளைகளுக்கு அது இல்லை. அவர்களுக்குத் தூசி எடுத்து ஈரத்துணி போட்டால் போதும். ஆனால் இவர்கள் கடல் கடந்து வருகிறவர்கள். ஒருவரும் கேட்காமலே இரண்டு தடவை அடித்து வைத்தேன்.

திங்கள் காலை வந்தார்கள். எல்லோரும் வாசலில் குனிந்து வருகிற உயரம், ஒருத்தியைத் தவிர. அவள் என்னைவிடக் கொஞ்சம்தான் கூட. பயிற்சி தொடங்கி ஐந்து நிமிடத்தில் அவள் ஒரு பந்துக்கு ஓடினாள். கால் தன்பாட்டில் முன்னே போனது. விழவில்லை, வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கை முழங்காலில் இருந்தது. மண்டபத்தில் எல்லாச் சத்தமும் நின்றது. ஒரு வழுக்கலுக்கு இத்தனை பேர் ஏன் மூச்சை அடக்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நரைத்த தாடியுள்ள பயிற்சியாளர் குனிந்து தரையை விரலால் தேய்த்தார், மணந்து பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைக் கண்டுபிடித்து, கோபமில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார்:

"நல்ல வடிவான தரை. இதிலை கலியாணம் செய்யலாம்."

தூஷணத்தில் தொடங்கிய சிநேகிதம்

அன்று அவர்கள் வெளியே புல்லில் ஓடினார்கள். நான் சுடுதண்ணீரும் மெஷினுமாக அடித்த பொலிஷைக் கழற்றினேன். மூன்றாம் சுற்றில் வாளி காலில் இடித்தது. வலிக்கும்போது எனக்கு வாயில் வருவது டொச், ஜேர்மன் பாஷை. இருபது வருடம் ஜேர்மனியில் இருந்ததன் மிச்சம். நான் சொன்ன சொல்லை இங்கே எழுத ஏலாது. பின்னால் ஒருத்தி சிரித்தாள். அவள் பெயர் நெர்மின், அணியின் மனேஜர், ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவள். ஒரு துருக்கிக்காரியும் ஒரு யாழ்ப்பாணத்தவளும் லண்டனில் இருந்து டொச்சில் கதைத்துத் தேத்தண்ணி குடித்தோம்.

வழுக்கியவள் எலிஃப். அவள் லிபரோ; பின்வரிசையில் நின்று, நிலத்தைத் தொடப்போகிற பந்தை எடுப்பது மட்டும்தான் அவளுடைய வேலை. அதற்குப் பாய்ந்து விழவேண்டும், எழும்பவேண்டும், திரும்ப விழவேண்டும். பத்து மாதத்துக்கு முன் முழங்காலில் சத்திரசிகிச்சை. அணியில் இன்னொரு லிபரோவும் இருக்கிறாள். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் இந்தப் பருவத்துக்கான பெயர்ப்பட்டியலைப் பயிற்சியாளர் எழுதவேண்டும், இடம் ஒருத்திக்குத்தான். மற்றவள் ஏதாவது சின்னக் கழகம் தேடிப் போகவேண்டியதுதான். முழங்கால் இன்னும் சுகமில்லையா என்று கேட்டேன். நெர்மின் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"டொக்டர் சுகம் எண்டு சொல்லி நாலு மாசம். அவள் நம்பேல்லை."

மஞ்சள் பலகை

திங்கள் நடந்ததைக் கேள்விப்பட்ட எங்கள் சுப்பர்வைசர் செவ்வாயன்று ஒரு கட்டளை போட்டார். நான் துடைக்கிற நேரமெல்லாம் 'ஈரத்தரை, கவனம்' என்ற மஞ்சள் பலகையை நடுவில் வைக்கவேண்டும். பலகையில் ஒரு மனிதன் கையையும் காலையும் விரித்துக்கொண்டு விழுகிறான்; நீங்களும் ஆயிரம் தரம் தூக்கி வைத்திருப்பீர்கள். எலிஃப் உள்ளே வந்தாள், அந்த மனிதனைப் பார்த்தாள், திரும்பிப் போய் சுவரோர வாங்கில் அமர்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். மற்றவர்கள் பாதிப் பயிற்சி முடித்தபிறகுதான் எழும்பினாள்.

புதன்கிழமை நான் பலகையைக் கொண்டுபோய் ஸ்டோரில் கடதாசிப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். சுப்பர்வைசர் கண்டுபிடித்தார். விழுவதுதான் அந்தப் பிள்ளையின் வேலை, விழவேண்டாம் என்று எழுதி வைத்தால் எப்படி என்று கேட்டேன். அவர் பெட்டிகளைத் திரும்பப் பலகைக்கு முன்னால் தள்ளிவிட்டார்.

"விழட்டும். ஆனால் அடிபட்டால் விபத்துப் புத்தகத்திலை எழுதப்போறது உன்ர பெயர்."

காய்ந்த மூலை

வேர்வையோடு பாய்ந்து விழுகிற உடம்பு தரையில் ஒரு தடம் விடும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நான் துடைத்தது அந்தத் தடங்களைத்தான். இரண்டு நாளில் ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. மற்ற லிபரோ விட்டவை நீளமானவை, ஓரத்தில் முழங்கையின் வட்டத்தோடு. எலிஃப் நின்ற மூலை காய்ந்திருந்தது. அவள் ஓடினாள், குனிந்தாள், கைக்கு வந்த பந்தையெல்லாம் சுத்தமாக எடுத்தாள். ஒரு சாண் தள்ளி விழுகிற பந்தை மட்டும் விட்டுவிட்டாள். அந்த மூலையைத் துடைக்கத் தேவையே இல்லை. நான் அதைத்தான் மற்ற இடங்களைவிடக் கூடத் துடைத்தேன்.

பயிற்சியாளர் ஒருநாள் அதைக் கவனித்து நின்றார். நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், மூலையைப் பார்த்துச் சொன்னார்:

"அங்கை உனக்கு வேலை இல்லை. எனக்குத்தான் இருக்கு."

மனுசன் ரோல்ஸ் கொண்டுவந்தது

என் மனுசன் இளம் வயதில் ஓவர்கேம் விளையாடியவர். எங்கள் ஆட்களின் கரப்பந்து வகை அது. மனைவி துருக்கிச் சம்பியன்களுக்குத் தரை துடைக்கிறாள், தான் கடையில் கத்தரிக்காய் நிறுக்கிறேன் என்ற கவலையில் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நாற்பது மட்டன் ரோல்ஸோடு வந்து நின்றார். வீராங்கனைகளுக்கு எண்ணெய்ச் சாப்பாடு கூடாது என்று நெர்மின் பெட்டியைப் பறித்துக்கொண்டு ஒபிசுக்குள் போனாள். திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

மனுசன் மேலே படியில் இருந்து ஒரு மணித்தியாலம் பயிற்சியைப் பார்த்தார். நான் எலிஃபைப் பற்றி அவருக்கு ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அவளைத்தான் காட்டினார்.

"இஞ்சாரும், அந்தக் கட்டைப் பிள்ளை நல்ல கெட்டிக்காரி. ஆனால் பந்தைப் பாக்கேல்லை, உம்மடை நிலத்தையெல்லோ பாத்துக்கொண்டு நிக்குது."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சத்திரசிகிச்சை செய்தது நானில்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலை அவள் கை முழங்காலுக்குப் போனதை யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

கீச்

வெள்ளி காலை மற்றவர்கள் வருமுன் எலிஃப் தனியே வந்தாள். தன் மூலைக்குப் போய்க் குந்தி, உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் ஒரே அளவு, கொஞ்சம்தான். எனக்குத் துருக்கிமொழியில், பிஸ்கற் தொழிற்சாலையில் கூட வேலைசெய்த துருக்கிப் பெண்கள் தந்த பத்துச் சொல். தரை நல்ல தரை என்று அதில் சொல்ல வழியில்லை. மொப்பைச் சுவரில் சாய்த்தேன். என்னால் ஏலுமான வேகத்தில் அவளை நோக்கி ஐந்தாறு அடி ஓடி, சடாரென்று நின்றேன். சப்பாத்து கீச்சென்றது. வழுக்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு, யாராவது பார்த்திருந்தால் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவள் விரலால் 'இன்னொருக்கா' என்று காட்டினாள். திரும்ப ஓடினேன். மூன்றாம் தரம் முடிய எனக்கு மூச்சு வாங்கியது, அவள் சிரித்தாள். துருக்கியர் அக்காவை அப்லா என்பார்கள். தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்:

"அப்லா, நீங்கள் விழுந்தால் ஆர் வந்து துடைக்கிறது?"

அன்றைய பயிற்சியிலும் அவள் விழவில்லை.

சனிக்கிழமை

ஆட்டத்தில் தரை துடைக்கத் தனியாக ஆட்கள் இல்லை. சுப்பர்வைசர் என்னைச் சில துவாய்களோடு கோட்டுக்கு வெளியே கதிரையில் இருத்தினார். முதல் இரண்டு சுற்றும் மற்ற லிபரோ. மூன்றாவதில் பயிற்சியாளர் எலிஃபை அனுப்பினார். நெர்மின் இருக்காமல் நின்றுகொண்டிருந்தாள். முதல் நாலைந்து பந்து எலிஃபின் கைக்கே வந்தன. அடுத்ததை லண்டன்காரி ஒருத்தி அடிப்பதுபோல் வந்து, விரலால் மெல்லத் தட்டிவிட்டாள். பந்து எலிஃபுக்கு முன்னால், எட்டாத இடத்தில் இறங்கியது. நான் பந்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன்.

அவள் பாய்ந்தாள். நெஞ்சு தரையில் பட்டு வழுக்கிக்கொண்டு போனது, கை பந்துக்குக் கீழே போனது, பந்து மேலே எழும்பியது. அதை யார் அடித்தார்கள், புள்ளி யாருக்கு, எனக்குத் தெரியாது. அவள் கொஞ்ச நேரம் முகம் குப்புறக் கிடந்தாள். பிறகு எழும்பினாள். அவள் கிடந்த இடத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம். நான் ஓடிப்போய்த் துடைக்கவேண்டும். துவாயைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எலிஃப் திரும்பினாள். அந்தக் கிழமை முழுவதும் நான் காணாத ஒரு முகம். கெதியா, சீக்கிரம் என்பதற்கு அவர்களுடைய சொல் எனக்குத் தெரிந்த பத்தில் ஒன்று; மண்டபம் அதிரக் கத்தினாள். "சாபுக், அப்லா! சாபுக்!"

முழந்தாளிட்டுத் துடைத்தேன். அவள் விலகவில்லை, சப்பாத்து நுனியை மட்டும் தூக்கினாள். அதற்குப் பிறகு எத்தனை தரம் விழுந்தாள் என்று எண்ணவில்லை. மூன்று துவாய் நனைந்தது. பஸ் புறப்படுகிற நேரம் எலிஃப் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். பிள்ளைக்கு என்னில் கோபமோ என்று நெர்மினிடம் கேட்டேன்.

"பத்து மாசமா அவள் ஒருத்தரோடையும் சத்தம் போடேல்லை. உன்னை ஏசினது காதிலை விழுந்த உடனை கோச் பேனையை எடுத்து அவளின்ர பெயரை எழுதிப்போட்டார்."

இந்தத் தொழிலில் நீங்களும் வேண்டிய அளவு ஏச்சு வாங்கியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்து மனுசனுக்கு மூன்று தரம் சொல்லிக் காட்டிய ஏச்சு எனக்கு இந்த ஒன்றுதான்.