டீ குடிக்காத மச்சினி

கிர்கிஸ் நாட்டு ஓஷ் நகரக் குடிநீர் வாரியத்தில் கனிஷாய் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டுக்காரன் திட்டினால் திட்டை அப்படியே கிர்கிஸ் மொழியில் சொல்வாள். தலைவர் அசங்காசி பதிலுக்குத் திட்டினால் அதையும் சேதாரமில்லாமல் ஆங்கிலத்தில் கொண்டுசேர்ப்பாள். "கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொல்லக் கூடாதாம்மா?" என்று ஒருமுறை தலைவர் காதில் கிசுகிசுத்தார். அதையும் எதிரே இருந்த விருந்தாளிக்கு மொழிபெயர்த்துவிட்டாள். அதோடு அவளுடைய பதவி உயர்வு போன இடம் தெரியவில்லை.

அந்த ஜூனில் ஊருக்குப் புது பம்புகள் வாங்கும் டெண்டர். கடைசியில் நின்றது இரண்டே கம்பெனிகள்: ஒன்று கொரியா, ஒன்று ஐரோப்பா. இறுதி விலையைத் திங்கட்கிழமை காலை மூடிய உறையில் கொடுக்க வேண்டும். கொரியர்கள் எதுவரை இறங்குவார்கள் என்பது அவர்களிடம் பேசிப்பார்த்த தலைவருக்கும், அந்தப் பேச்சை மொழிபெயர்த்த கனிஷாய்க்கும் மட்டுமே தெரியும். ஐரோப்பியக் கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்டு குபாத், அவளுடைய சொந்த அக்கா புருஷன். இதைத் தலைவரிடம் அவள் முன்பே சொல்லியிருந்தாள். "இந்த ஊர்ல யாரும்மா யாருக்கு ஒறவில்ல?" என்று அவர் கையை உதறிவிட்டார்.

ஞாயிறு மதியம் அக்கா குல்பரா வீட்டில் விருந்து. போனால், ஐரோப்பியக் கம்பெனியின் ஹென்ரிக் மெத்தையில் சம்மணம் போடத் தெரியாமல் உட்கார்ந்து பிலாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து வந்த குபாத், ஆட்டுத்தோல் கோட்டு ஒன்றை அவள் தோளில் போர்த்தினான்.

"சூயுஞ்சு!" என்றான். நல்ல சேதி கொண்டு வருகிறவருக்குக் கொடுக்கிற பரிசு அது.

"நான் என்ன சேதி கொண்டுவந்தேன் அத்தான்?"

"இனிமே கொண்டுவருவே மச்சினி. கோட்டு மொதல்ல, சேதி அப்புறம்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் மச்சினியைக் கேலி செய்வது அங்கே பிறப்புரிமை. கோபித்துக்கொண்டால் அவளுக்குத்தான் ரோஷக்காரி என்ற பட்டம். போர்த்தியவன் எதிரில் கோட்டைக் கழற்றுவதோ, அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

குபாத் டீக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தான். குரல் இறங்கியது.

"நீ வாயே தொறக்க வேண்டாம். ஒரு தொகை சொல்றேன். கொரியாக்காரன் அதுக்குக் கீழ போவான்னா ஒரு வாய் குடி. போகமாட்டான்னா கீழ வெச்சிரு. டீ குடிக்கிறது ஒரு குத்தமா?"

"கேலியா, நெசமா அத்தான்?"

"ஒனக்கு எது வசதியோ அது. இந்த ஆர்டர் போச்சுன்னா என் வேலை போச்சு. ஒங்கக்கா மறுபடியும் பஜார்ல நின்னு சோம்சா விக்கணும். அதையும் யோசிச்சுக்கோ."

தொகையைச் சொன்னான். ஹென்ரிக் மெல்லுவதை நிறுத்தினான்.

கிண்ணத்துக்குப் பிடி கிடையாது. சூடு விரலில் ஏறியது. குடித்தாலும் பதில், வைத்தாலும் பதில்.

"குடிடி, ஆறிப்போகுது" என்றாள் அக்கா. இவளுக்குத் தெரிந்துதான் சொல்கிறாளா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கனிஷாய் கிண்ணத்தோடு எழுந்தாள். கோட்டோடும் கிண்ணத்தோடும் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள்.

"அடியே, கிண்ணத்தையாவது குடுத்துட்டுப் போடி!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

திங்கட்கிழமை டெண்டர் அறைக்குள் அவள் நுழைந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே தார் உருகும் வெயில். தோளில் ஆட்டுத்தோல், நெற்றியில் வியர்வை. உறைகள் இரண்டும் மேஜையில் இருந்தன. ஒரு பக்கம் கொரியர்கள், மறுபக்கம் ஹென்ரிக்கும் குபாத்தும்.

"தலைவரே, சூயுஞ்சு!"

பழக்கதோஷத்தில் அசங்காசியின் கை சட்டைப்பைக்குப் போனது.

"நீங்க தர வேண்டாம். நேத்தே வாங்கிட்டேன், இந்தக் கோட்டு. எங்கத்தான் போத்துனது. கொரியாக்காரங்க எதுவரைக்கும் எறங்குவாங்கன்னு நான் டீ குடிச்சுக் காட்டணுமாம். நான் காட்டல. ஆனா கேட்டாங்க."

குபாத் எழுந்தே விட்டான். "ஐயோ, கேலிங்க! மச்சினிகிட்ட ஒரு வார்த்தை வெளையாட்டாப் பேசக் கூடாதா?"

கொரியர்கள் அவளைப் பார்த்தார்கள். ஹென்ரிக்கும் அவளைத்தான் பார்த்தான், ஆனால் கெஞ்சலாக. மொழிபெயர்க்க அந்த அறையில் வேறு ஆள் இல்லை. தலைவர் நீண்ட பெருமூச்சு விட்டார்.

"சொல்லும்மா. சர்க்கரை வேண்டாம்."

கோட்டு, டீ, தொகை, தன் பெயர் எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அத்தானின் கேலியையும் சேர்த்தாள். ஆங்கிலத்தில் அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஐரோப்பிய உறை திறக்காமலே திரும்பிப் போனது. ஒற்றை ஆள் ஓடுவதைப் பந்தயம் என்று சொல்ல முடியாது என்பதால், கொரிய உறையையும் திறக்காமல் புது டெண்டர் அறிவித்தார்கள். அதற்கு வேறு மொழிபெயர்ப்பாளரைத் தேடும்படி கனிஷாயே எழுதிக் கொடுத்தாள். குபாத்துக்கு வேலை போயிற்று. அறையை விட்டுக் கிளம்பும்போது, அவன் கண்ணெதிரிலேயே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அக்காவின் போன்.

"செட்டுல ஒரு கிண்ணம் கொறையுதுடி" என்றாள். "நீயே கொண்டு வா. அவர் வீட்ல இல்ல."