கல்லா மெத்தையில் உட்காரும் பாத்தியம்

மகள்களுக்கும் சொத்தில் பங்கு என்று டில்லியில் சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டபோது, போடியில் முதலில் பயந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். யானை இறங்கி வெள்ளாமையைத் தின்றால்கூட தேவாரத்துக்காரர்கள் அப்படிப் பதறியதில்லை. நான் வாழ்க்கைப்பட்டது தேவாரத்தில் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அப்பாவிடம் நான் ஒரு செண்டு நிலம் கேட்டவளில்லை. ஆனாலும் கேட்டுவிடுவேனோ என்ற முன்ஜாக்கிரதையில், சட்டம் வருவதற்குள் எல்லாவற்றையும் மகன்கள் பேருக்கு எழுதிவிட அவர் அவசரப்பட்டார்.

பஜாரில் ஏலக்காய்க் கடை. அதன் பின்கட்டில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு. குரங்கணிக்கு மேலே மலையில் ஓர் ஏலத்தோட்டம். கடையும் பின்கட்டும் பெரியண்ணனுக்கு, தோட்டம் சின்னண்ணனுக்கு என்று முடிவாயிற்று. எனக்கும் அழைப்பு வந்தது. பத்திரம் எழுதும் அன்று நாலு பேருக்குச் சேர்த்துச் சமைக்க ஆள் வேண்டியிருந்தது.

பத்திரம் எழுதுகிறவர் விவரமானவர். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், ஆயுள்வரைக்கும் உங்களுக்கென்று ஏதாவது நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா நெடுநேரம் யோசித்தார். பெற்ற பிள்ளைகளிடம் சோற்றுக்கு எழுதி வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று பட்டிருக்க வேண்டும். கடைசியில், கடையில் கல்லா மெத்தையில் உட்காரும் பாத்தியம் மட்டும் தனக்கு இருக்கட்டும் என்றார். கல்லாப்பெட்டியைத் திறக்கும் பாத்தியம் அல்ல, அதற்குப் பின்னால் திண்டில் சாய்ந்து உட்காருவது மட்டும். அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தாராளமாகச் சம்மதித்தார்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டியபோது காபி கொடுத்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன். தோட்டத்தில் இருந்த பலாமரம்வரை அதில் வந்தது. அம்மா வரவில்லை.

"அம்மாவுக்கு ஒண்ணும் எழுதலையேப்பா?" என்றேன்.

"அவளுக்கு எதுக்கு ஆத்தா தனியா? நான்தான் இருக்கேன்ல" என்றார் அப்பா.

அம்மா அடுப்படிக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவருக்கு முன்னால் அவள் போய்விடுவாள் என்று இவருக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் அபசகுனமாகப் பேசுகிறாள் என்பார்கள். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பிறகு சட்டம் வரத்தான் செய்தது. எங்கள் வீட்டில் அது பங்கு வைக்க ஒரு துரும்பும் மிச்சமில்லை. அப்பா தினமும் குளித்து, விபூதி பூசி, மெத்தையில் போய் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் மலையில் மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பெட்டிச் சாவி பெரியண்ணன் இடுப்பில் இருந்தது. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அப்பா போய்ச் சேர்ந்தார். அவருடைய பாத்தியமும் அவரோடு போயிற்று.

அம்மா வெள்ளைச் சேலைக்கு மாறினாள். காலையில் வியாபாரிகள் வரும் நேரத்தில் கடைப்பக்கம் தலைகாட்ட வேண்டாம், வெளியே போக வர சந்துப்பக்கத்து வாசல் இருக்கிறது என்று பெரியண்ணி இதமாகச் சொன்னாள். தனக்கொன்றுமில்லை, ஏலக்காய் வாங்க வருகிறவர்கள் சகுனம் பார்க்கிறவர்கள் என்றாள். அம்மா தலையாட்டினாள்.

அதற்குள் பெரியண்ணனுக்கு லாரி ஆசை பிடித்துக்கொண்டது. கடையைப் பின்கட்டோடு விற்றுவிட்டு மாமனார் வீட்டு மாடியில் குடியேறுவதாகத் திட்டம். அந்த மாடியில் அம்மாவுக்கு இடமில்லை என்பதில் அவருக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு; பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனவே அம்மா மலைக்குப் போக வேண்டும். டோலி கட்டி ராணி மாதிரித் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார் சின்னண்ணன். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. தோட்டத்துப் பனியில் அவள் ஒரு மழைக்காலம் தாங்கமாட்டாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நான் மட்டும்தான் அதை வாய்விட்டுச் சொன்னேன். என்னோடு தேவாரம் வந்துவிடு என்று கெஞ்சினேன். மருமகன் வீட்டில் எத்தனை நாளைக்குக் கை நனைப்பது என்று மறுத்துவிட்டாள். அன்றைக்கு அவள்மேல் வந்த கோபத்தில் பஸ்சில் வழி முழுக்க அழுதுகொண்டே ஊர் திரும்பினேன்.

கடையை வாங்க தேனியிலிருந்து ஒருவர் முன்பணத்தோடு வருவதாக இருந்த வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். பூஜை முடிந்து, சாம்பிராணி போட்டு, பெரியண்ணன் வாசலில் நின்று அவரைக் கும்பிட்டு உள்ளே அழைத்தார். படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். கல்லா மெத்தையில், வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக, திண்டில் சாய்ந்து அம்மா உட்கார்ந்திருந்தாள். வாங்கய்யா என்று அவரை வரவேற்கவும் செய்தாள். வந்தவர் ஏதோ சோலி ஞாபகம் வந்துவிட்டதாகச் சொல்லி, நாள் பார்த்து வருவதாக வெரசாக இறங்கிப் போனார். காபிகூடக் குடிக்கவில்லை.

"என்னம்மா இது?" என்று பெரியண்ணன் நடுங்கினார்.

"ஒங்கப்பா எடம். சும்மாத்தானே கெடக்கு."

அடுத்து வந்தவரும் வாசலோடு திரும்பினார். அண்ணன் வக்கீலிடம் ஓடினார். அம்மாவுக்கு அங்கே உட்கார எள்ளளவும் பாத்தியம் இல்லை என்று வக்கீல் அடித்துச் சொன்னார். ஆனால் எழுப்ப வேண்டுமென்றால் பெற்ற தாய்மேல் வழக்குப் போட வேண்டும், கோர்ட்டு வாசலில் டவாலி இருவர் பேரையும் உரக்கக் கூப்பிடுவான் என்றும் சொன்னார். அம்மாவைப் பனியில் விடத் துணிந்த அண்ணனுக்கு இதற்குத் துணிச்சல் வரவில்லை. கையைப் பிடித்துத் தூக்கலாமென்றால் பஜாரே வேடிக்கை பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சின்னண்ணனும் மலையிலிருந்து இறங்கி வந்து சமாதானம் பேசினார். அம்மா அசையாமல் கேட்டாள்.

"பின்கட்டுல என் உசுரு இருக்கமட்டும் இருக்கலாம்னு எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. எந்திரிக்கிறேன்."

அதே பத்திரக்காரர் எழுதினார். பின்கட்டில் ஆயுள்வரை குடியிருக்கும் பாத்தியமும், இரண்டு மகன்களும் சேர்ந்து தரவேண்டிய சாப்பாட்டுச் செலவும். வேறு ஏதாவது சேர்க்கணுமா ஆத்தா என்று அவர் மரியாதையாகக் கேட்டார். போதும் என்றாள். சொன்னபடி மெத்தையை விட்டு எழுந்து, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நடந்தே போய், பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வந்தாள்.

பின்கட்டை விட்டுவிட்டு முன்கடையை மட்டுமாவது தள்ளிவிடலாம் என்று பெரியண்ணன் மறுநாளே இன்னொருவரை வரச் சொல்லியிருந்தார். காலையில் கடையைத் திறந்தவர், பின்கட்டிலிருந்து வந்த அம்மா மெத்தையில் உட்காருவதைப் பார்த்தார்.

"அதான் எழுதிக் குடுத்தாச்சேம்மா" என்றார், அழுகிற குரலில்.

"குடுத்தது பின்கட்டுக்குத்தானப்பா. அது எங்க ஓடிப் போகப்போகுது? அந்தத் திண்டக் கொஞ்சம் இப்படித் தள்ளிப் போடு."

பெரியண்ணன் தள்ளிப் போட்டார்.