சர்வருக்கு விட்ட ஒரு நாள் லீவு

ஆயுத பூஜை என்றால் எங்கள் பள்ளியில் எல்லா இயந்திரத்துக்கும் ஓய்வு. பஸ், தண்ணீர் மோட்டார், ஜெராக்ஸ் மிஷின் என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விஜயதசமிக்குக் கற்பூரம் காட்டித்தான் மறுபடி ஓட்டவேண்டும். நல்லம்பள்ளிப் பக்கம் இருக்கிற இந்தத் தனியார் பள்ளிக்கு நான் கம்ப்யூட்டர் டீச்சர். அந்த வருடம் எங்கள் தாளாளரின் கண் லேப் மூலையில் இருந்த சர்வர் மேல் விழுந்தது.

“அதை நிறுத்தக் கூடாதுங்க சார். வாங்கினதிலிருந்து ஓடிக்கிட்டே இருக்குது.”

“அப்ப அதுக்குத்தான் மொதல்ல லீவு குடுக்கணும். என்னா டீச்சர் நீங்க, மாட்டுக்கே ஒரு நாள் பொங்கல் வெக்கறோம்!”

அந்த சர்வரை வாங்கித்தரச் சொல்லி அவரை நச்சரித்தவள் நான்தான். எங்கள் ஊரில் மழை தூறினாலே இன்டர்நெட் படுத்துவிடும். சர்வர் இருந்தால் நெட் இல்லாவிட்டாலும் பள்ளி வேலை நிற்காது என்று மார்தட்டியிருந்தேன். அட்மிஷன் மென்பொருளும், அது பெயர்களைச் சேர்த்துவைக்கிற டேட்டாபேஸும் அதற்குள்ளேயே இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் தட்டினால், சர்வரில் இருக்கிற டிஎன்எஸ் என்கிற முகவரிப் பட்டியல் அந்தப் பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லி வழி காட்டும். சேலத்துக்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

தாளாளர் என்னை நம்பினார். எவ்வளவு நம்பினார் என்றால், விஜயதசமி அட்மிஷனுக்கு விண்ணப்பத் தாளே அச்சடிக்கவில்லை. கூடவே ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார்: “இது சொதப்புச்சுன்னா லேப்பைக் காலி பண்ணி அபாகஸ் கிளாஸ் ஆக்கிடுவேன்.” அபாகஸ்காரர்கள் வந்து அறையை அளந்துவிட்டே போயிருந்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் அடித்துப்பிடித்து ஓடிவந்து உட்காருகிற இடம் அது. அதை மணிச்சட்டத்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

விஜயதசமி சனிக்கிழமையில் வந்தது. ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் முதல் பெயர் ஏறியாக வேண்டும். தீர்த்தமலையில் மொட்டை போட்ட கையோடு மகளைத் தூக்கிக்கொண்டு ஓர் அப்பா முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். குழந்தையின் தலையில் சந்தனம்கூடக் காயவில்லை.

கற்பூரம் காட்டி சர்வரைப் போட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அட்மிஷன் பக்கம் திறந்தது. குழந்தையின் பெயரைத் தட்டி, சேமிக்கும் பட்டனை அழுத்தினேன். ‘டேட்டாபேஸ் கிடைக்கவில்லை’ என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதேதான். போதாக்குறைக்கு ரோடு வேலைக்காரர்கள் கேபிளை அறுத்துவிட்டதால் நெட்டும் இல்லை.

சேலத்துக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி போட்டேன். ஒருவழியாக எடுத்தவர் ஏதோ கோயில் வரிசையில் நின்றபடி, “நெட்டு வரட்டும் மேடம், தானா சரியாயிடும்” என்றார்.

“நெட்டே இல்லாம ஓடும்னுதானய்யா உங்ககிட்ட வாங்கினோம்!” என்று கத்தினேன். அவர் பக்கம் மேளச் சத்தம்தான் கேட்டது.

அந்த அப்பா எழுந்து வந்து, “ஆவலைன்னா பரவால்லைங்க டீச்சர், ஒரு நோட்டுல எழுதிக்கங்க” என்றார். தங்கமான மனுஷன். ஆனால் நோட்டு என்ற சொல்லைக் கேட்டதும் தாளாளர் முகம் சுண்டியது. “பூஜையிலதான் ஏதோ குறை” என்று முனகிவிட்டு, சர்வருக்கு இன்னொரு கற்பூரம் ஏற்றச் சொன்னார்.

புகையில் இருமிக்கொண்டே சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். பக்கம் திறக்கிறது, அப்படியானால் ஆபீஸ் கம்ப்யூட்டர் கேட்ட பெயருக்கு சர்வர் சரியாகத்தான் பதில் சொல்கிறது. மென்பொருள் தன் டேட்டாபேஸைப் பெயர் சொல்லித் தேடுகிறதே, அந்தக் கேள்வி எங்கே போகிறது? திறந்து பார்த்தால், நேராகச் சுவரில் தொங்குகிற நெட் பெட்டிக்குப் போகிறது! அடப்பாவி! எங்கே கேட்கவேண்டும் என்று சேலத்துக்காரர் அவசரத்தில் கையால் எழுதிவைத்த வரி, மிஷினை நிறுத்திப் போட்டதும் அழிந்துபோயிருந்தது. லீவு விடாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது.

நெட் பெட்டியின் எண்ணை எடுத்துவிட்டு, இனி அழியாத இடமாகப் பார்த்து 127.0.0.1 என்று தட்டினேன்.

“அது யாரு வூட்டு நம்பரு டீச்சர்?” தாளாளர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“யாரு வூடும் இல்லைங்க சார். எந்த மிஷின் சொன்னாலும் அதுக்கு ‘நானே’ன்னு அர்த்தம். இந்த மிஷின் ஊருக்கெல்லாம் பதில் சொல்லுது, தனக்கு ஒண்ணு வேணும்னா மட்டும் வெளிய போயி நிக்குது. நம்ம ஆபீஸ் சமாச்சாரம் வெளியில எவனுக்குத் தெரியும்? அதான், உங்கிட்டயே கேட்டுக்கோன்னு சொல்லி வெக்கறேன்.”

“தன்னையே கேட்டுக்கறதுக்கு ஒரு நம்பரா! கெட்டுது போ.”

மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓட்டிவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஓடிப்போய்ப் பட்டனை அழுத்தினேன். ‘பதிவு செய்யப்பட்டது.’ ஒன்பது அடிக்கச் சற்று நேரம் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மொட்டைக் குழந்தை எதற்கென்று தெரியாமலே கைதட்டியது.

“பாத்தீங்களா, ரெண்டாவது கற்பூரம்!” என்றார் தாளாளர்.

“கற்பூரமும் இல்லை, ஒண்ணும் இல்லை சார். நான்!” எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

அவர் சிரித்தார். “சரி சரி, நீங்கதான். லேப்பு லேப்பாவே இருக்கட்டும், அபாகஸை மாடிக்கு அனுப்பிடலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன் டீச்சர். கையில பதிலை வெச்சுக்கிட்டே மிஷின் வெளிய போயி கேட்டுதுங்கறீங்க. நீங்க காலையிலேர்ந்து சேலத்துக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்தீங்களே, அது எதுக்கு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்துக் கையிலிருந்த போன் அடித்தது. சேலத்துக்காரர்தான். தாளாளர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கட் பண்ணினேன்.